நெஞ்சு உலர்த்தும் ஸ்டோர்

எனக்கு இழுப்பு வந்தால் எங்கள் வீட்டில் அம்மா முதலில் ஜன்னலைச் சாத்துவாள். அடுத்து டிவியில் சத்தத்தைக் கூட்டுவாள். அதற்குப் பிறகுதான் அரிசி டிரம்முக்குள் கையை விட்டு, பிளாஸ்டிக் பையில் சுற்றிப் புதைத்து வைத்திருக்கும் நீல மருந்துப் பம்பை எடுத்து வருவாள். மூச்சு முட்டுகிறவளுக்கு முதலில் வேண்டியது காற்றா மானமா என்று கேட்டால் அம்மா யோசிக்கக்கூட மாட்டாள். எதிர்வீட்டு சுந்தரம்மாள் காதில் என் நெஞ்சு விசிலடிக்கிற சத்தம் விழக் கூடாது, அவ்வளவுதான் அவள் கவலை. சீரியலில் மாமியார் மருமகளை மிரட்டிக்கொண்டிருக்க, நான் அரிசி ஒட்டிய பம்பை வாயில் வைத்து உறிஞ்சிக்கொண்டிருப்பேன்.

இதில் வேடிக்கை, பிள்ளைகளுக்குச் சுவாச மண்டலம் நடத்துகிறவளே நான்தான். போடியில் ஒரு மெட்ரிக் பள்ளியில் எட்டாம் வகுப்புக்கு அறிவியல் டீச்சர். நுரையீரல் படத்தைப் போர்டில் மாட்டி, குச்சியால் தொட்டுத் தொட்டுச் சொல்லுவேன். மூக்கு முடி தூசியைப் பிடிக்கிறது. அதற்குத் தப்பியதைச் சளி பிடிக்கிறது. மூச்சுக்குழல் இரண்டாகப் பிரிந்து, அதுவும் பிரிந்து, மேலும் மேலும் பிரிந்து, கடைசியில் கண்ணுக்குத் தெரியாத பொடிப் பைகளில் போய் முடிகிறது. அந்தப் பைகளின் சுவரில்தான் ரத்தம் நல்ல காற்றை வாங்கிக்கொண்டு கெட்ட காற்றைத் திருப்பிக் கொடுக்கிறது. நுரையீரலுக்குத் தானாக விரியத் தெரியாது, அடியில் இருக்கும் உதரவிதானம் கீழே இறங்கினால்தான் அது விரியும் என்று சொல்லும்போது பிள்ளைகள் வயிற்றைத் தொட்டுப் பார்க்கும். ஆஸ்துமா பற்றி ஒரு பத்தி வரும். அதை மட்டும் கடகடவென்று வாசித்துவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவேன். முன்பெஞ்சில் பாதிப் பேர் எங்கள் தெருப் பிள்ளைகள்.

அம்மா சந்திரவல்லிக்கு ஏலக்காய் குடோனில் காய் பொறுக்குகிற வேலை. காய்ந்த காயைத் தேய்த்துக் காம்பு உதிர்க்கும்போது எழும்புகிற தூசியில், முந்தானையால் மூக்கைக் கட்டிக்கொண்டு பெண்கள் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். அப்பா நான் பிறந்த கொஞ்ச நாளிலேயே இறந்துவிட்டதால் தொட்டில் கட்ட வேறு இடமில்லை, அந்தக் குடோனில் சாக்கு மேல் படுத்து வளர்ந்தவள் நான். ஆனாலும் அம்மாவைப் பொறுத்தவரை எனக்கு ஆஸ்துமா கிடையாது.

"அது வெறும் சளிடி. வியாதி கியாதின்னு வாயில வராத. மூச்சு வியாதிக்காரின்னு ஒருக்கா பேரு வந்துச்சுன்னா ஒரு பய நம்ம வாசல மிதிக்க மாட்டான்."

வாசலை மிதிக்க ஒருவர் கிடைத்தார். அம்மாவின் தம்பி தங்கபாண்டி மாமா போடிமெட்டுக்கு ஜீப்பு ஓட்டுகிறவர். தினமும் தோட்ட வேலைக்கு ஆள் ஏற்றிப் போகிற இடத்திலேயே சம்பந்தமும் பேசிக்கொண்டு வந்துவிட்டார். மாப்பிள்ளை பெயர் ஈஸ்வர். அவன் அப்பா சீனிச்சாமிக்கு மெட்டைத் தாண்டிச் சொந்த ஏலத் தோட்டம், பச்சைக் காயை உலர்த்துவதற்குச் சொந்த ஸ்டோர். எங்களுக்கு அது எட்டாத கொம்புதான். டீச்சர் வேலை என்பதால் இறங்கி வந்திருக்கிறார்கள் என்று மாமா சொன்னார்.

பெண் பார்க்க வந்த அன்றைக்கு சீனிச்சாமி எங்கள் வீட்டுப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, வாக்கியத்துக்கு வாக்கியம் இருமிக்கொண்டே தன் ஆரோக்கியத்தைப் பற்றிப் பேசினார்.

"எங்க வம்சத்துலயே நெஞ்சு வியாதி கெடையாதுத்தா." இருமல். "மருந்து மாத்திரைன்னு ஒண்ணு எங்க வீட்டுக்குள்ள வந்ததில்ல." இருமல். "சளி கட்டுச்சுன்னா நான் ஆஸ்பத்திரிக்கெல்லாம் ஓடுறதில்ல. பச்சக்காய எப்பிடிக் காயவைக்கிறோம்? அது மாதிரிதான். ஸ்டோருக்குள்ள போயி கதவச் சாத்திக்கிட்டு அரை மணி நேரம் உக்காருவேன். நெஞ்சு சுக்காக் காஞ்சிரும்."

நுரையீரல் ஏலக்காய் இல்லை. அதன் உள்சுவர் எப்போதும் ஈரமாக இருந்தாக வேண்டும், ஈரத்தில் கரைந்துதான் காற்று ரத்தத்துக்குள் போகும். சளி காய்ந்தால் போகாது, இறுகி அடைத்துக்கொள்ளும். எட்டாம் வகுப்புப் பிள்ளைக்குத் தெரிந்த இந்த விஷயம் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அம்மா என் தொடையைக் கிள்ளினாள். நான் காப்பி டம்ளரை நீட்டினேன்.

ஈஸ்வரை எனக்குப் பிடித்திருந்தது. இதைச் சொல்ல என்ன வெட்கம். சாயங்காலமானால் தோட்டத்தில் சிக்னல் நன்றாகக் கிடைக்கிற பாறையில் ஏறி நின்றுகொண்டு போன் பேசுவான். என் வகுப்புக் கதைகளை நான் சொல்லச் சொல்லக் கேட்டுச் சிரிப்பான், இடையில் குறுக்கிட மாட்டான். ஆம்பளைகளில் அது அபூர்வம். அவனிடம் என் பம்பைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும் என்று ஒவ்வொரு நாளும் நினைப்பேன். சொல்லிவிட்டு அவன் என்ன சொல்கிறான் என்று பார்க்க வேண்டும், எனக்கு வேண்டியது அது ஒன்றுதான். ஆனால் அம்மா என் தலையில் கையை வைத்துச் சத்தியம் வாங்கியிருந்தாள்.

"பூ வைக்கட்டும், தாலி ஏறட்டும். அப்பறம் நீயாச்சு ஒம் பம்பாச்சு."

ஆவணியில் காய் எடுப்பு தொடங்கியது. சீனிச்சாமி வீட்டில் ஒரு வழக்கம் உண்டாம். வீட்டுக்கு வரப்போகிற மருமகள் அந்த வருஷத்து முதல் அடுப்பை ஸ்டோரில் பற்றவைக்க வேண்டும், அன்றைக்கே பூ வைத்து உறுதி செய்துவிடுவார்கள். புகையில் நிற்க வேண்டும் என்று கேட்டதுமே எனக்கு நெஞ்சு அடைத்தது. அம்மா சாமி கும்பிட்டாள். மல்லிகைப்பூ, வெற்றிலை, தேங்காய், பழம் எல்லாவற்றையும் மஞ்சப்பையில் வைத்து, அடியில் பம்பைத் திணித்து, பையை மடியில் வைத்துக்கொண்டு மாமாவின் ஜீப்பில் ஏறினாள். கொண்டை ஊசி வளைவுகளில் ஜீப்பு எத்தனை ஆட்டம் ஆடியும் அந்தப் பையை அவள் கையிலிருந்து விடவில்லை.

மேலே மழைச் சாரல். ஸ்டோர் வாசலில் ஈஸ்வர் நின்றிருந்தான், வேட்டியைக் கணுக்காலுக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு. என்னைப் பார்த்ததும் சிரித்தான். அவன் அம்மா அமுதவள்ளி என் கையில் கற்பூரத்தைக் கொடுத்தாள். ஸ்டோரின் அடுப்பு வெளிச்சுவரில் இருக்கும். அங்கிருந்து பெரிய இரும்புக் குழாய் உள்ளே போய், தரையைச் சுற்றி வளைந்து, மறுபக்கம் புகைக்கூண்டில் ஏறும். புகை குழாய்க்குள்ளேயே ஓடிவிட வேண்டும், சூடு மட்டும் மேலே கம்பி வலைத் தட்டுகளில் பரப்பியிருக்கிற காய்க்குப் போக வேண்டும். நான் கற்பூரத்தைக் கொளுத்தி விறகில் வைத்தேன். மூச்சைப் பிடித்துக்கொண்டேன். பற்றிக்கொண்டது.

"உள்ள வாங்க, எல்லாரும் உள்ள வாங்க," என்றார் சீனிச்சாமி. உள்ளே போனதும் கதவைச் சாத்தச் சொன்னார். முதல் சூடு வீணாகக் கூடாதாம். பிறகு இருமிக்கொண்டே வகுப்பு எடுக்கத் தொடங்கினார். மேலே சுவரோரம் இருந்த சின்னக் கதவுகளைக் காட்டினார். கயிற்றை இழுத்தால் திறக்கும்.

"இதுதான்த்தா சூச்சுமம். காய் மொதல்ல வேர்க்கும். அந்த ஈரக் காத்து உள்ளயே நின்னுச்சுன்னா காய் வெளுத்துப் போகும். பச்சை போச்சுன்னா ஏலத்துல ஒருத்தன் ஏறெடுத்துப் பாக்க மாட்டான். சூடு குடுக்க எவனுக்கும் தெரியும். பழைய காத்த எப்ப வெளிய விடணும்னு தெரியணும், அதுலதான் இருக்கு தொழிலு."

இவ்வளவு அழகாக நானே என் வகுப்பில் சொன்னதில்லை. ஏலக்காய்க்கு ஒரு நுரையீரல் கட்டி வைத்து, அதற்கு எப்போது மூச்சு விட வேண்டும் என்று தெரிந்து வைத்திருக்கிறார் மனுஷன். தன் நெஞ்சைத்தான் கதவு ஜன்னல் சாத்தி வேகவைத்துக்கொண்டிருக்கிறார். எனக்குச் சிரிப்பு வந்தது. அப்போதுதான் தரைக் குழாயின் இணைப்பிலிருந்து சாம்பல் நிறத்தில் ஏதோ கசிவதைப் பார்த்தேன்.

மழைக்காலம் முழுக்கச் சும்மா கிடந்த குழாய், துருப்பிடித்து ஓட்டை விழுந்திருந்தது. புகை முட்டிக்கொண்டு வந்தது. "மாமா, பொகை வருது," என்றேன் சீனிச்சாமியிடம். "வரட்டும்த்தா, நல்ல சூடு, நெஞ்சுக்கு நல்லது," என்று சொல்ல வாயைத் திறந்தவர் அந்த 'நல்லது'வை முடிக்கவில்லை. இருமல் பிடித்துக்கொண்டது. இது நாற்காலியில் உட்கார்ந்து இருமிய இருமல் இல்லை. கதவைத் திறந்து வெளியே இழுத்து வந்ததும் அவர் வெளிச்சுவரைப் பிடித்துக்கொண்டு சரிந்தார்.

ஆஸ்துமாவாக இருந்தாலும், வருஷக் கணக்கில் புகை தின்ற நெஞ்சாக இருந்தாலும், காற்று உள்ளே போகவில்லை என்றுதான் பார்க்கிறவர்கள் நினைப்பார்கள். உள்ளே போய்விடும். வெளியே வருவதில்தான் பாடு. குழல்கள் வீங்கிச் சுருங்கி, போன காற்று திரும்ப வழியில்லாமல் அடைந்து கிடக்கும். பழையது போகாமல் புதியதற்கு இடமேது? சீனிச்சாமி தோளைத் தூக்கித் தூக்கி இழுத்தார். கழுத்து நரம்பு புடைத்தது. உதடு நாவல்பழ நிறத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. அவரைப் பார்க்கப் பார்க்க எனக்கும் நெஞ்சுக்குள் குழல் இறுகுவது தெரிந்தது.

வைத்தியம் தொடங்கியது. ஒருத்தர் சாக்கால் விசிறினார். அமுதவள்ளி நெஞ்சில் தைலத்தைத் தேய்த்தாள். ஒருத்தர் சுடுதண்ணி கொண்டுவர ஓடினார். தோட்டத்து மேஸ்திரி பால்ராஜ் மட்டும் தெளிவாகச் சொன்னார்: "அண்ணனுக்குச் சூடு பத்தல. வெரசா உள்ள கொண்டு போயி உக்கார வைங்க, சளி எளகும்."

சொன்னதுதான் தாமதம், நாலு பேர் சீனிச்சாமியைத் தூக்கினார்கள். எங்கே? புகை கக்கிக்கொண்டிருக்கிற அந்த ஸ்டோருக்குள். வலது தோளைப் பிடித்துத் தூக்கியது ஈஸ்வர்.

"கொல்லப் போறீங்களா அவர?" என்று நான் போட்ட சத்தத்தில் நாலு பேரும் நின்றுவிட்டார்கள். பூ வைக்க வந்த பெண் அப்படிக் கத்தி அவர்கள் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். "கீழ எறக்குங்க. சாய்ச்சுப் படுக்க வைக்காதீங்க, உக்கார வைங்க. சட்டைப் பித்தானக் கழட்டுங்க. அம்மா, அந்தப் பையக் கொண்டா."

அம்மா அந்தப் பையைத் திண்டு போல மடியில் அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"பவி, வேணாம்டி," என்றாள் பல்லைக் கடித்துக்கொண்டு. "மானம் போயிரும்."

"அவரு உசுரு போகுதும்மா."

"போகாது. சூடு வச்சாச் சரியாப் போகும்னு சொல்றாகல்ல."

என் அம்மா கெட்டவள் இல்லை. கூலியில் மிச்சம் பிடித்து என்னைப் படிக்கவைத்தவள். அந்த நேரத்தில் மட்டும் அவளை அடித்துவிடலாம் போலிருந்தது. பையைப் பிடித்து இழுத்தேன். தேங்காய் உருண்டது, பழம் சிதறியது, பூ சேற்றில் விழுந்தது. பம்பு கையில் வந்தது. டீ குடித்த பேப்பர் கப் ஒன்றை எடுத்து அடியில் ஓட்டை போட்டு, பம்பை அதில் சொருகி, கப்பை அவர் மூக்கும் வாயும் மூடும்படி வைத்தேன்.

"மாமா, என்னையப் பாருங்க. மொதல்ல உள்ள இருக்கத ஊதி வெளிய விடுங்க. முடிஞ்ச மட்டும் விடுங்க. இப்ப இழுங்க."

அழுத்தினேன். கொஞ்சம் விட்டு மறுபடி அழுத்தினேன். மறுபடியும். சாரல் பெய்துகொண்டே இருந்தது. சுருங்கிய குழலைச் சுற்றியிருக்கிற தசை இளகுவதற்கு மருந்துக்குச் சில நிமிஷம் பிடிக்கும். அந்தச் சில நிமிஷம் எனக்குப் பெரிய பொழுதாக இருந்தது. பிறகு அவர் தோள் இறங்கியது. உதட்டில் பழைய நிறம் திரும்பியது. அமுதவள்ளி என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

"மகராசி. எங்க குடும்பத்தையே காப்பாத்திட்ட," என்றாள். "இது என்னாத்தா கருவி?"

அம்மா முந்திக்கொண்டாள். "அது பள்ளிக்கூடத்துக் கருவி மதினி. பிள்ளைகளுக்கு அவசரத்துக்குன்னு டீச்சருகிட்டக் குடுத்து வச்சிருக்காக."

அருமையான பொய். எல்லோரும் தலையாட்டினார்கள். ஈஸ்வர் என்னைப் பெருமையாகப் பார்த்தான். நான் ஒன்றும் செய்ய வேண்டாம், வாயை மூடிக்கொண்டு நின்றால் போதும், சேற்றில் விழுந்த பூவைக் கழுவி வைத்தாவது இந்தக் கல்யாணம் நடந்துவிடும். ஆனால் என் நெஞ்சு அம்மா பேச்சைக் கேட்காது. கத்தியதும் புகை தின்றதும் சேர்ந்து எனக்கு விசில் கிளம்பிவிட்டது. இங்கே சாத்துவதற்கு ஜன்னல் இல்லை, சத்தம் கூட்ட டிவி இல்லை. அத்தனை பேருக்கும் முன்னால் பம்பை உதறி வாயில் வைத்து அழுத்தி, இழுத்து, மூச்சைப் பிடித்து நின்றேன். பழகிய கை. பார்த்தவர்களுக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை.

சீனிச்சாமி சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பேசினார்.

"தங்கபாண்டி, பொண்ணுக்கு நெஞ்சு வியாதி இருக்குன்னு நீ ஒரு வார்த்தை சொல்லலையேப்பா. நாங்க நோய் நொடி இல்லாத வம்சம், இது எங்களுக்குத் தோதுப்படாது. சாமான எடுத்துக்கிட்டுப் பொறப்படுங்க."

ஒரு இருமல் இல்லை, ஒரு தடங்கல் இல்லை. நான் அவரைப் பார்த்த நாளிலிருந்து அவர் இருமாமல் பேசி முடித்தது அந்தப் பேச்சு ஒன்றுதான். என் பம்பு கொடுத்த மூச்சை அவர் வீணாக்கவில்லை.

எனக்கு அவர் மேல் கோபம்கூட வரவில்லை. நான் ஈஸ்வரைப் பார்த்தேன். ஒரு வார்த்தை சொல்வான் என்று காத்திருந்தேன். 'இருங்கப்பா' என்று சொன்னால்கூடப் போதும். அவன் ஸ்டோருக்குள் போய், அந்த மேல் கதவுகளின் கயிற்றை ஒவ்வொன்றாக இழுத்துத் திறக்க ஆரம்பித்தான். புகையில் காய் கெட்டுவிடக் கூடாதல்லவா. "அவர ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க," என்று அவன் முதுகுக்குச் சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினேன். ஜீப்பு கீழே இறங்கி முடிக்கும் வரைக்கும் அழுதேன். அம்மாவும் அழுதாள், அவள் வேறு காரணத்துக்கு.

அடுத்த வாரம் ஒரு சாயங்காலம் ஈஸ்வர் போன் செய்தான். பெயரைப் பார்த்ததும் முதல் மணியிலேயே எடுத்துவிட்டேன். இவ்வளவு நடந்தும் எடுத்தேன், அதுதான் எரிச்சல்.

"பவித்ரா, நல்லாருக்கியா?" ரகசியம் பேசுகிற குரல்.

"சொல்லுங்க."

"அந்த நீலப் பம்பு, அது பேரு என்னா? அப்பாவுக்கு மறுபடி ராத்திரியெல்லாம் இழுக்குது. கடையில போயி எப்பிடிக் கேக்குறதுன்னு தெரியல. தெரிஞ்ச ஆளுக கடை."

"டாக்டர்கிட்டப் போங்க. எழுதிக் குடுப்பாரு."

"அப்பா வர மாட்டேங்குறாரு. வெளிய தெரிஞ்சிரும்ங்குறாரு."

"நீங்க ஏன் இவ்வளவு மெதுவாப் பேசுறீங்க?"

"வெளிய ஆளுக இருக்காக."

"ஜன்னலச் சாத்திட்டுத்தானே பேசுறீங்க?"

"ஆமா. ஒனக்கு எப்பிடித் தெரியும்?"

நான் பெயரைச் சொன்னேன். எப்படிப் பிடிக்க வேண்டும், எப்படி உதற வேண்டும், முதலில் உள்ளே இருப்பதை முழுக்க வெளியே விட வேண்டும் என்று பொறுமையாகச் சொன்னேன். எப்படியானாலும் டாக்டரிடம் தூக்கிக்கொண்டாவது போங்கள் என்றும் சொன்னேன். பாவம், இழுக்கிற நெஞ்சுக்கு அதன் சொந்தக்காரர் அகம்பாவம் பிடித்தவர் என்பது தெரியாது. முடித்ததும் அவன் இன்னும் மெதுவாகப் பேசினான்.

"கொஞ்ச நாள் போகட்டும் பவித்ரா. அப்பாகிட்டப் பக்குவமா எடுத்துச் சொல்றேன். நீயும் வெளிய காட்டிக்காம இருந்தா..."

"எங்க வீட்டு ஜன்னலும் சாத்தியிருக்கு. ஒங்க வீட்டு ஜன்னலும் சாத்தியிருக்கு. நான் எங்க போயி மூச்சு விடுறது ஈஸ்வர்?" என்றேன். போனை வைத்துவிட்டேன்.

அம்மா அடுப்படியிலிருந்து ஓடி வந்தாள். "மாப்பிள்ளை வீடா? என்னா சொன்னாக?"

"பம்பு வேணுமாம்."

அம்மாவின் முகம் மலர்ந்தது. "ஒண்ணு வாங்கி தங்கபாண்டிகிட்டக் குடுத்து விடுவமாடி? மனசு மாறினாலும் மாறுவாக."

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அடக்க முடியாமல் சிரித்தேன். சிரிப்பு இருமலாகி, இருமல் இழுப்பாகி, நெஞ்சு விசிலடிக்கத் தொடங்கியது. அம்மா உடனே ஜன்னலுக்கு ஓடினாள்.

"சாத்தாதம்மா," என்றேன். "தொறந்தே கெடக்கட்டும்."

"அந்தா சுந்தரம்மா வாசல்லதான்டி நிக்கிறா."

"நிக்கட்டும்."

அம்மா ஒரு கையை ஜன்னல் கொக்கியில் வைத்துக்கொண்டு, மறு கையால் டிவி ரிமோட்டைத் தேடினாள். அதற்குள் எதிர்வாசலிலிருந்து சுந்தரம்மாளின் குரல் வந்தது.

"என்னா சந்திரவல்லி, பிள்ளைக்கு இழுக்குதா? டிவி சத்தம் கேக்கலையேன்னு பாத்தேன். ஒவ்வொரு தடவையும் நீ சீரியலக் கூட்டி வைக்கும்போதே தெருவே சொல்லும், பாவம், டீச்சருக்கு இழுப்பு வந்திருச்சுன்னு. வெரசா அந்த மருந்தக் குடு."

அம்மா கொக்கியிலிருந்து கையை எடுத்தாள். என்னைப் பார்க்கவில்லை. அரிசி டிரம்மை நோக்கி நடந்தாள்.